கழுவிய காசுக்கு மதிப்பெண் இல்லை

அன்புள்ள பாபு,

நம் வீட்டு வரலாற்றில் குறித்துவைக்க வேண்டிய ஒரு முடிவு கடந்த வியாழக்கிழமை மாலை எடுக்கப்பட்டது. கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும் அம்மிக்குழவியை வீட்டுக்குள் கொண்டுவருவது என்பதே அது. மிக்ஸி வாங்கிய அன்று வெளியேற்றப்பட்ட அந்தக் குழவி, நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரே ஒருமுறை, புயல் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுப்பதற்காக உள்ளே வந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் அழைக்கவில்லை. சாதக பாதகங்களை எல்லாம் யோசித்தேன். உன் அப்பாவையும் கலந்துகொண்டேன். "தூக்கறப்ப கால்ல போட்டுக்காதமே" என்பது அவருடைய கருத்து. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் முடிவு செய்தேன். குழவி இப்போது சமையலறையில், அரிசிப் பானைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். நேரில் சொல்லலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை வருகிறாய், வந்ததும் சாப்பிடுகிறாய், சாப்பிட்டதும் கிளம்புகிறாய். கைபேசியில் எழுதி அனுப்பலாம் என்றால், மூன்று வரிக்கு மேல் எது வந்தாலும் படிக்காமல் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புகிறாய். என் கண்ணில் புரை விழுந்திருப்பதாக டாக்டர் சொன்னதை விவரமாக எழுதியிருந்தேன். அதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. அச்சில் வந்தால் உன் மாமனார் படிப்பார். அவர் படித்தால் உன்னிடம் சொல்வார். அவர் சொன்னால் நீ கேட்பாய். சுற்று வழிதான். ஆனால் அம்பத்தூர் வீட்டிலிருந்து அம்பத்தூர் அலுவலகத்துக்கு, உன் மாமனார் இருக்கும் குமணன்சாவடி வழியாகப் போவது இப்போது நம் குடும்ப வழக்கமாகிவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நீ அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் பிளாஸ்டிக் டப்பா வடிவமைக்கிறாய். பழைய காசு சேர்ப்பவர்கள் தங்களிடம் உள்ள நல்ல காசை நிபுணர்களிடம் அனுப்புகிறார்கள். நிபுணர்கள் அது அசலா என்று பார்த்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். அதன் பிறகு அந்தக் காசு, மதிப்பெண் எழுதிய சீட்டோடு, கண்ணாடி போன்ற ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடப்படுகிறது. மூடியதைத் திறக்க முடியாது. திறந்தால் தெரிந்துவிடும். தெரிய வேண்டும் என்பதற்காக மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிப்பவன் நீ. நான் டப்பா என்று சொல்லும்போதெல்லாம் உனக்கு முகம் சுருங்கும். "டப்பா இல்லமா, ஹோல்டர்" என்பாய். உள்ளே ஒரு பொருளை வைத்து மூடினால் எங்கள் காலத்தில் அதற்கு டப்பா என்றுதான் பெயர்.

ஆனால் உன் வேலையை நான் மதிக்கவில்லை என்று சொல்லாதே. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் காலமெல்லாம் எழுத்தராக இருந்தவள் நான். வரும் பெட்டிகளின் ஈய முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வேறொருவருடைய வேலை. அதனால் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து டப்பாவைப் பற்றிப் பேசியதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டேன். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பசை போட்டு ஒட்டுவதில்லை, காதுக்குக் கேட்காத ஒலியால் அதிரவைத்து உருக்கி ஒன்றாக்குகிறோம், நெம்பித் திறந்தால் அந்த ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும் என்றாய். சாய்த்துப் பார்த்தால் படம் மாறும் வெள்ளிச் சீட்டைக் காட்டினாய். அதை உரித்தால் முழுதாக வராது, சதுரம் சதுரமாகப் பிய்ந்துபோகும் என்றாய். சீட்டைச் சுற்றி ஒரு கோடு இருந்தது. கோடு இல்லை, எழுத்து என்று சொல்லி லென்ஸைக் கொடுத்தாய். பார்த்தேன், எறும்புகூட உட்கார்ந்து படிக்க வேண்டிய அளவில் எழுத்து. ஊதா விளக்கு அடித்தால் மட்டும் நீல நிறத்தில் ஒரு முத்திரை தெரியும் என்றாய். சீட்டுக்குள் ஒரு சில்லு இருக்கிறது, கைபேசியை மேலே வைத்தால் டப்பா தன் நிலைமையைத் தானே சொல்லும் என்றாய்.

"இவ்ளோ எதுக்குடா? உள்ள கீறது ஒத்த ரூவாதானே?" என்று உன் அப்பா கேட்டார்.

"கள்ளக் காசு அடிக்கிறவன் இப்ப கம்மிப்பா. கள்ள ஹோல்டர் பண்றவன்தான் ஜாஸ்தி. நம்ம ஹோல்டர் மாதிரியே பண்ணி, நம்ம நம்பரையே போட்டு, உள்ள டம்மி காசு வெச்சு வித்துட்றான்."

"அப்ப ஜனங்க காச பாத்து வாங்கல, டப்பாவ பாத்து வாங்குதுன்னு சொல்லு."

நீ ரசம் ஊற்றிக்கொண்டாய். அன்றைக்கு நம் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

உன் மாமனார் அந்தக் கள்ள டப்பாவின் வழியாகத்தான் நம் வாழ்க்கைக்குள் வந்தார். மற்றவர்கள் வீட்டில் வரன் ஜாதகத்தோடு வரும். குமணன்சாவடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் யாரிடமோ ஒரு காசை வாங்கிவிட்டு, டப்பாவின் மேல் சந்தேகப்பட்டு, நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நீ லென்ஸ் வைத்துப் பார்த்தாய். கோடு வெறும் கோடாகவே இருந்தது. எழுத்து இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். நீ டீ வாங்கிக் கொடுத்தாயாம். அதற்கடுத்த வாரம் இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அது அசல். மறுவாரமும் ஒன்று, அதுவும் அசல். நாலாவது முறை டப்பா எடுத்துவரவில்லை, பெண்ணின் போட்டோவை எடுத்துவந்தார். ஒரு மனிதர் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் முறைகளில் இதைவிட விசாரணை நிறைந்த முறை இருக்க முடியாது. நாங்கள் பெற்று வளர்த்த பிள்ளையை அவர் மூன்று டப்பா செலவில் கண்டுபிடித்துவிட்டார்.

பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அவர் காசைக் காட்டினார். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். உங்கள் நிறுவனத்து டப்பாவில், எழுபதுக்கு அறுபத்தாறு. சிவப்பு வெல்வெட் துணியின் மேல் வைத்து நீட்டினார். ராஜாவின் தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து பொட்டிலயே கீதுங்க. யாரும் கை வெக்கல" என்றார். நீ அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆவடி ஸ்டேஷனில் உன்னைத் தூக்கி என்ஜின் டிரைவரிடம் காட்டியபோது, ஐந்து வயதில். பெண் காபித் தட்டோடு வந்து நின்றதை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அந்தப் பெண்ணும் கவனித்தாள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் உன் அப்பா, "நல்ல மன்சன்மே, மன்சுல ஒண்ணும் வெச்சிக்கல" என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். பெட்டியில் நிறைய இருந்தது.

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பொருளை உன் தாய் பார்க்க வாயைப் பிளந்து ரசிக்காதே. உனக்கும் பிள்ளை பிறக்கும், அதுவும் ஒருநாள் அடுத்தவர் வீட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்கும்.

நம்மிடமும் ஒரு ராஜா ரூபாய் இருந்தது உனக்குத் தெரியும். உன்னைத் தொட்டிலில் போட்ட அன்று என் அண்ணன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனது. அதே ராஜா, அதே வெள்ளி. உன் மாமனாரின் காசு பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த காலம் முழுவதும் நம் காசு வேலை பார்த்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புளி போட்டுத் தேய்த்து, விபூதி போட்டுத் துடைத்து, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்திருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் செவ்வாயன்றே தேய்த்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னால் தினமும் தேய்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கை நினைத்துக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். ராஜாவுக்குத் தாடி போய், சவரம் செய்த முகம் வந்துவிட்டது. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது.

குமணன்சாவடியிலிருந்து திரும்பிய மறுநாளே அந்தக் காசை உன்னிடம் எடுத்து நீட்டினேன். "இதுக்கும் மார்க்கு போட்டு எடுத்துட்டு வா" என்றேன். நீ என்னமோ சொல்ல வாயெடுத்தாய், என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாய். நீ குளித்துவிட்டு வருவதற்குள் நான் அதை இன்னொரு முறை தேய்த்தேன். புளி போதாதென்று பல் பொடியும் போட்டேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு முகம் கழுவித் தலை வாரி அனுப்பாமல் எந்தத் தாய் அனுப்புவாள்? அறுபத்தாறை மிஞ்ச வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் அன்றைக்கு வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

காசு டப்பாவில் திரும்பி வந்தது. உன் கைவேலை எல்லாம் அதிலும் இருந்தது. சாய்த்தால் படம் மாறியது. ஓரம் கண்ணாடி போல இருந்தது. ஆனால் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. "அசல். சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

"மார்க்கு எங்கடா?"

"இதுக்கு மார்க்கு போட மாட்டாங்கமா."

"ஏன்?"

"நீ கழுவிட்டியே. தேய்ச்சா மேல் பக்கம் போயிடும். அசல்தான், ஆனா கிரேடு கெடையாது."

"அழுக்கா வெச்சிருந்தா போட்டிருப்பாங்களா?"

"ம். அழுக்கு இருந்தா பரவால்ல. அது தானா வந்தது."

"அப்ப அந்த மனுசன்?"

"மாமா தொடவே இல்லமா. அதான் அறுபத்தாறு."

அப்போது உனக்கு இன்னும் நிச்சயமே ஆகவில்லை. அதற்குள் மாமா. சரி, அதை விடு. தொடாமல் இருந்தவருக்கு அறுபத்தாறு, வருடக்கணக்கில் கையால் தொட்டவளுக்கு ஒன்றுமில்லை என்ற தீர்ப்பை உங்கள் நிபுணர்கள் வழங்கினார்கள். நான் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். முடியாது என்றாய். சீட்டை மட்டுமாவது மாற்ற முடியுமா என்றேன். அதைத் திறந்தால் தெரிந்துவிடும், தெரிவதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறோம் என்றாய். கள்ளர்களுக்காகச் செய்த ஏற்பாடு எல்லாம் சேர்ந்து இப்போது என் அவமானத்தை யாரும் திருடிவிடாமல் பாதுகாத்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் புளியை ஊறவைத்துவிட்டேன். பிறகு அதில் புளிக்குழம்பு வைத்தேன்.

நம் வீட்டு மாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்கு நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று புரியும். நான் ஓய்வு பெற்றதும் கட்டிய மாடி அது. உனக்குக் கல்யாணமானால் நீ இருப்பதற்காக. வடக்குப் பக்க ஜன்னலைத் திறந்தால் எஸ்டேட்டின் தகரக் கூரைகள் தெரியும். சைக்கிளில் மிதித்தால்கூட டீ ஆறுவதற்குள் அலுவலகம் போய்விடலாம். நிச்சயதார்த்தத்தன்று, எல்லாரும் கூடியிருக்கும்போது, "பிள்ளைகள் நம் மாடியில்தான் இருப்பார்கள்" என்று சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். வாசகத்தைக்கூட மனப்பாடம் செய்திருந்தேன். அவர் வீட்டிலும் மாடி காலியாக இருப்பதையும், அவர் அதற்குப் புது டைல்ஸ் போட ஆரம்பித்திருப்பதையும் உன் அப்பா மூலமாகத் தெரிந்துகொண்டிருந்தேன். டைல்ஸ் கடைக்காரருக்கு டைல்ஸ் ஒரு பெரிய விஷயமா? ஆனால் பொறாமை அந்த நேரத்தில் நியாயம் கேட்காது.

நிச்சயதார்த்தத்தில் அந்த அறுபத்தாறை அவர் உனக்குச் சீராக வைக்கப்போகிறார் என்பதும் தெரிந்தது. ஒருமுறை கள்ள டப்பாவில் ஏமாந்தவர் மறுமுறை ஏமாற மாட்டார் என்று என்ன நிச்சயம்? எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், ஆசை. தெருமுனை மருந்துக்கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பார்க்க ஒரு சின்ன ஊதா விளக்கு வைத்திருக்கிறார்கள். அதை ஒருநாள் இரவல் கேட்டேன்.

"இன்னா மேடம், கள்ள நோட்டு ஏதாச்சும் மாட்டிச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா, சம்பந்தி."

அவர் விளக்கைக் கொடுத்துவிட்டு, வேறு மருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

மற்றது நீ நேரில் பார்த்ததுதான், ஆனாலும் என் பக்கத்தையும் கேள். குமணன்சாவடியில், அவர் வீட்டுக் கூடத்தில் தட்டு மாற்றிக்கொண்டோம். பழம், வெற்றிலை, சேலை, நடுவில் வெல்வெட் துணியில் அந்த டப்பா. வாங்கிய கையோடு, குங்குமச்சிமிழ் பக்கத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு அதன் நாலு மூலையிலும் தடவினேன். யோசித்துச் செய்யவில்லை. புதுத்துணி வந்தால் மூலையில் மஞ்சள், பத்திரிகை வந்தால் மூலையில் மஞ்சள், நீ கல்லூரியில் சேர்ந்தபோது விண்ணப்பத்துக்கும் மூலையில் மஞ்சள். கை தானாகப் போய்விட்டது. எவ்வளவு பொறாமை இருந்தாலும் வந்த பொருளை வெறுமனே உள்ளே எடுக்க என் கைக்குத் தெரியாது. பிறகு, சேலையைப் பத்திரமாக வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, டைல்ஸ் மாதிரிகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் அப்பாவையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டேன். விளக்கை அடித்தேன்.

பச்சையும் மஞ்சளும் கலந்து டப்பா முழுக்க எரிந்தது. ஓரமெல்லாம் தீபாவளி. நீல முத்திரை மட்டும்தான் தெரிய வேண்டும் என்று நீ சொன்ன டப்பா மின்மினிப் பூச்சி மாதிரி இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட அழகான வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன். உன் அப்பாவுக்குத்தான் கிசுகிசுக்கத் தெரியாது. லேத் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்த தொண்டை.

"இன்னாமே சொல்ற, டூப்ளிகேட்டா?"

கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். உன் மாமனார் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார், என்னிடம் இல்லை, உன்னிடம். அந்த ஒரு நொடி நான் ஜெயித்திருந்தேன். அது எவ்வளவு மோசமான சுகம் என்பதை நீ தெரிந்துகொள்ளாமலே வாழ வேண்டும். நீ டப்பாவை வாங்கினாய். விளக்கை அடித்தாய். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, விரலை ஓரத்தில் வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாய்.

"மஞ்சள்மா" என்றாய்.

"இன்னாது?"

"மஞ்சளுக்கு இந்த லைட்டு அடிச்சா இப்டித்தான் எரியும். இன்னாமா நீ, ஹோல்டருக்குப் போய் மஞ்ச பூசுவாங்களா?"

கைக்குட்டையை ஈரப்படுத்தித் துடைத்தாய். மறுபடி விளக்கு. நீல முத்திரை மட்டும், சின்னதாக, ஒழுங்காக. அசல். நீ செய்தது, வேறு எப்படி இருக்கும். உன் வேலையைத்தான் நான் கள்ளம் என்று சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளாவது சிரித்தாளே என்று இருந்தது. உன் மாமனார் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"போவுது வுடுங்க சம்பந்திமா. என் காச இவ்ளோ அக்கறையா இதுவரிக்கும் யாருமே பாத்ததில்ல" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மோர் கொண்டுவரச் சொன்னார். நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். "பொண்ணும் மாப்ளயும் இங்க மாடியில இருக்கட்டும்னு நெனைக்கிறேன். டைல்ஸ்லாம் போட்டாச்சு. உங்களுக்கு சம்மதந்தானே?"

மனப்பாடம் செய்த வாசகம் எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்தது. கையில் ஊதா விளக்கு இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சரிங்க" என்றேன்.

ஆகவே இப்போது அம்பத்தூரில் வேலை பார்க்கும் நீ, காலையில் குமணன்சாவடியில் கிளம்பி, திருவேற்காட்டு நெரிசலில் நின்று, நம் தெருமுனையைக் கடந்து அலுவலகம் போகிறாய். மாலையில் அதே வழியில் திரும்பிப் போகிறாய். உள்ளே திரும்பினால் டீ இருக்கும் என்பது உனக்குத் தெரியும். பெட்ரோல் விலை எனக்கும் தெரியும். உன் மாமனாரோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் காசு பார்க்க உட்காருகிறாய் என்றும், அவர் லென்ஸைப் பிடிக்க நீ விளக்கைப் பிடிக்கிறாய் என்றும் உன் அப்பா சொன்னார். நல்லது. பெரியவர்களுக்கு உதவுவது நல்ல பழக்கம். நம் வீட்டில் டியூப்லைட் மூன்று வாரமாகக் கண்ணடிக்கிறது.

கல்யாணம் முடிந்து உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போனபோது அறுபத்தாறை எடுத்துக்கொண்டாய். மற்றதை, உன் தொட்டில் காசை, சாமி அலமாரியிலேயே விட்டுவிட்டாய். மறந்திருப்பாய் என்று நினைத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகப்படுத்தினேன். "அது இங்கயே இருக்கட்டும்மா, அதுக்கு கிரேடு இல்லல்ல" என்றாய். நீ அதைச் சாதாரணமாகச் சொன்னாய். சாம்பாரில் உப்பு போதும் என்று சொல்வது போல. நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

போன புதன்கிழமை மருமகள் போன் செய்தாள். நீ இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாய்.

"அத்த, குத்துவெளக்கு கறுத்துப்போச்சு. இன்னா போட்டு தேய்க்கிறது?"

"புளிமா. ஊறவெச்சு, கொட்ட எடுத்துட்டு தேய். கடைசில விபூதி."

"எங்க ஊட்ல எதையும் தேய்ச்சதில்ல அத்த. அப்பா தேய்க்க வுட மாட்டாரு. அந்த ராஜா காச நான் ஒருவாட்டிகூட கையில வெச்சு பாத்ததில்ல. எப்பவும் டப்பாவோடதான்."

அவள் டப்பா என்று சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன் மாமனாரிடம் எனக்கு இருக்கும் பொறாமை இதனால் குறையவில்லை. அவர் ஒரு மகளைப் பெட்டிக்கு வெளியே நிறுத்தி வளர்த்தார். அந்த மகள் என்னிடம் வந்து புளியைப் பற்றிக் கேட்கிறாள். ஆனால் என் மகன் அவரிடம் விளக்குப் பிடிக்கிறான். கணக்கு இன்னும் அவர் பக்கம்தான் இருக்கிறது.

இதுபோன்ற கடிதங்களில் முடிவில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். வேலையில் நாணயமாக இரு. மாமனாருக்கு மரியாதை கொடு, அளவாகக் கொடு. மனைவி ஏதாவது சொல்லும்போது கட்டைவிரல் அனுப்பாதே. உனக்குப் பிள்ளை பிறந்தால் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டு. மேல் பக்கம் போனால் போகட்டும்.

இனி அம்மிக்குழவி. வெள்ளிக்கிழமை காலை, உன் அப்பா பால் வாங்கப் போயிருந்த நேரம், நம் காசு இருந்த டப்பாவைப் பழைய துண்டில் சுற்றித் தரையில் வைத்துக் குழவியால் அடித்தேன். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்குக் குழவிதான் நழுவியது. உன் வேலையைப் பற்றி உன் தாய் கொடுக்கக்கூடிய நற்சான்று இது: லேசில் உடையவில்லை. மேலும் சில அடிகளுக்குப் பிறகு உடைந்தபோது நீ சொன்னபடியே ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெள்ளிச் சீட்டு சதுரம் சதுரமாகப் பிய்ந்திருந்தது. காசுக்கு ஒரு கீறலும் இல்லை. அதைக் கையில் எடுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் சூடாகிவிட்டது. புளி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது. கழுவிப் பொட்டு வைத்து, சாமி முன்னால் தட்டில் வைத்திருக்கிறேன்.

சில்லு இருந்த துண்டைக் குப்பையில் போடும் முன் என் கைபேசியை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். "இந்த உறை திறக்கப்பட்டுள்ளது. உள்ளே இருந்த பொருளுக்கு நிறுவனம் இனிப் பொறுப்பல்ல" என்று வந்தது.

இப்படிக்கு,
அம்மா